அம்மிச்சி மடியில் எந்தப் புத்தகம்?

கோவை கொடிசியா வளாகத்தில் நடக்கும் புத்தகத் திருவிழாவானாலும் சரி, மக்கள் சிந்தனைப் பேரவை 2005 முதல் ஈரோட்டில் நடத்திவரும் புத்தகத் திருவிழாவானாலும் சரி, சிறுவர் நூல் அரங்கின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றால் இப்படி ஒரு கேள்வி காதில் விழும். "ரெண்டு வயசுப் பையனுக்குங்க. ராத்திரி படுக்கறப்ப சொல்ற மாதிரி, நல்ல கருத்துள்ள கதையா ஒண்ணு குடுங்க."

கடைக்காரர் தெனாலிராமனை எடுத்து நீட்டுவார். இல்லாவிட்டால் ஈசாப், பஞ்சதந்திரம், பீர்பால். அப்பாவும் அம்மாவும் புரட்டிப் பார்ப்பார்கள். ஒவ்வொரு கதையின் முடிவிலும் 'நீதி' என்று தடித்த எழுத்தில் ஒரு வரி இருக்கும். மனநிறைவோடு வாங்கிப் போவார்கள். அன்று இரவு மூன்றாவது வரியிலேயே குழந்தை புத்தகத்தின் மூலையை வாயில் வைக்கும். ஐந்தாவது வரிக்குள் எழுந்து ஓடிவிடும். "இவனுக்குப் புத்தகமே புடிக்கறதில்லீங்க" என்ற தீர்ப்போடு அந்தப் புத்தகம் அலமாரியின் மேல்தட்டுக்குப் போய்விடும். குழந்தையின் கைக்கு செல்போன் வந்துவிடும்.

குழந்தையிடம் ஒரு குறையும் இல்லை. தத்தித் தத்தி நடக்கிற வயதுக்கு உண்டான புத்தகம் வேறு. அதைத் தமிழில் எழுதுபவர்கள் குறைவு, அச்சிடுபவர்கள் இன்னும் குறைவு, தேடி வாங்குபவர்கள் எல்லாரையும் விடக் குறைவு. சாகித்ய அகாடமி 2010 முதல் பால சாகித்ய புரஸ்கார் விருதை ஆண்டுதோறும் வழங்கிவருகிறது. தமிழில் விருது பெற்ற யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்', உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை', யூமா வாசுகியின் 'தன்வியின் பிறந்தநாள்' ஆகியவை சிறார் இலக்கியத்தின் நல்ல வரவுகள். ஆனால் அவை தானே படிக்கத் தெரிந்த பிள்ளைகளுக்கு உரியவை. ஒன்று முதல் மூன்று வயதுவரை உள்ள குழந்தை இந்தப் பந்தியில் இன்னும் உட்காரவில்லை. அதற்கு என்ன கொடுப்பது, எதைப் பார்த்து எடுப்பது என்பதைத்தான் இந்தக் கட்டுரை பேசுகிறது.

கருத்து காத்திருக்கட்டும்

இரண்டு வயதுக் குழந்தைக்கு நீதி புரியாது. ஏமாற்றிய நரிக்கும் ஏமாந்த காக்காய்க்கும் நடுவே உள்ள தந்திரம் அதன் தலைக்குள் இன்னும் இடம்பிடிக்கவில்லை. காக்காய் இருக்கிறது, அது கத்துகிறது, வடை கீழே விழுகிறது. அவ்வளவுதான் கதை. விழுந்த வடையைப் பார்த்து அது கைகொட்டிச் சிரித்தால் அந்த இரவுக்கான இலக்கியம் நிறைவேறிவிட்டது.

படம் என்பதே அந்த வயதில் கற்றுக்கொள்ள வேண்டிய ஒன்று. உளவியலாளர் ஜூடி டெலோச்சும் குழுவினரும் 1998-ல் வெளியிட்ட ஆய்வில், 9 மாதக் குழந்தைகள் புத்தகத்தில் உள்ள பொருளின் படத்தைக் கையால் பிடித்து எடுக்கப் பார்த்தார்கள். அமெரிக்கக் குழந்தைகளும் அப்படித்தான் செய்தார்கள், மேற்கு ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்ட் குழந்தைகளும் அப்படித்தான் செய்தார்கள். ஒன்றரை வயது தாண்டிய பிறகே பிடுங்கும் கை சுட்டிக்காட்டும் விரலாக மாறியது. ஆகவே உங்கள் குழந்தை மாம்பழப் படத்தைக் கிள்ளுகிறது, நக்குகிறது, பக்கத்தைக் கிழிக்கிறது என்றால் அது புத்தகத்தை மதிக்கவில்லை என்று கோபப்படாதீர்கள். புத்தகம் என்பது என்ன என்று அது சோதித்துப் பார்க்கிறது.

இதிலிருந்தே தேர்வின் முதல் பாடம் கிடைத்துவிடுகிறது. கனமான அட்டைப் பக்கங்கள், மழுங்கிய மூலைகள், நக்கினாலும் சாயம் போகாத அச்சு. நடுவில் பின் அடித்த மெல்லிய புத்தகம் என்றால் பின்னை எடுத்துவிட்டு நூல் கோத்துத் தையுங்கள். அந்தப் பின் கழன்று வாய்க்குள் போக வாய்ப்பு உண்டு. ஒரு பக்கத்துக்கு ஒரு படம், ஒன்றிரண்டு வரி. பின்னணியில் நெரிசல் இல்லாத, என்ன விலங்கு என்று ஒரே பார்வையில் தெரிகிற படம்.

இழுத்தால் எழுந்து நிற்கும் படம், திறந்தால் உள்ளே இன்னொரு படம் என்று விலை கூடிய புத்தகங்கள் ஆர்.எஸ்.புரம் கடைகளிலும் மால்களிலும் கண்ணைப் பறிக்கும். வாங்கவே கூடாது என்று சொல்ல மாட்டேன். விளையாட்டுப் பொருளாக அவை நன்றாகவே இருக்கும். ஆனால் டெலோச்சின் குழுவே பின்னர் செய்த ஆய்வுகளில், இப்படி இழுத்துத் திறக்கும் அம்சங்கள் உள்ள புத்தகங்களைவிட எளிய படப் புத்தகங்களிலிருந்தே சின்னக் குழந்தைகள் அதிகம் கற்றுக்கொண்டார்கள். கை இழுப்பதிலேயே மும்முரமாகிவிட்டால் காது மூடிக்கொள்கிறது. படுக்கை நேரத்துக்குக் காதுதான் முக்கியம்.

நூறாவது முறையும் அதே கதை

"அதையேதான் திரும்பத் திரும்பக் கேக்கறாளுங்க. எனக்குச் சலிச்சுப்போச்சு, அவளுக்குச் சலிக்க மாட்டேங்குது." சின்னக் குழந்தை உள்ள எந்த வீட்டுக்குப் போனாலும் இந்தப் பேச்சு உண்டு. புதுக் கதை சொல்ல ஆரம்பித்தால் குழந்தை புத்தகத்தைத் தட்டிவிட்டு நேற்றைய கதையையே கேட்கும்.

கேட்கட்டும். இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜெசிகா ஹார்ஸ்ட் குழுவினர் 2011-ல் மூன்று வயதுக் குழந்தைகளிடம் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு பிரிவுக் குழந்தைகளுக்கு ஒரே கதையைத் திரும்பத் திரும்பப் படித்தார்கள். இன்னொரு பிரிவுக்கு அதே புதுச் சொற்கள் வருகிற வெவ்வேறு கதைகளைப் படித்தார்கள். புதுச் சொற்களை நன்றாகப் பிடித்துக்கொண்டவர்கள் ஒரே கதையைக் கேட்டவர்கள்தான். அடுத்து என்ன வரும் என்பது தெரிந்துவிட்டதால் அவர்களின் கவனம் சொல்லின் பக்கம் திரும்ப இடம் கிடைத்தது.

ஆகவே புத்தகத்தைத் தேர்ந்தெடுக்கும்போது நாம் கேட்க வேண்டிய கேள்வி இது: இதை நூறு முறை வாய்விட்டுப் படிக்க என்னால் முடியுமா? கடையிலேயே நின்று இரண்டு பக்கம் சத்தமாகப் படித்துப் பாருங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. நாக்கு தடுக்குகிறதா, மூச்சு முட்டுகிறதா, ஓசை தானாக உருண்டு வருகிறதா என்று பாருங்கள். அசோக் ராஜகோபாலன் எழுதி வரைந்து தூலிகா வெளியிட்ட 'கஜபதி குலபதி' இந்தச் சோதனையில் தேறிவிடும். சளி பிடித்த பெரிய யானை, ஆளுக்கொரு வைத்தியம் சொல்லும் ஊர் மக்கள், ஒவ்வொரு பக்கமும் முட்டிக்கொண்டு வரும் தும்மல். பெயரைச் சொல்லும்போதே யானை அசைந்து நடக்கிறது. தும்மல் எப்போது வரும் என்று தெரிந்துகொண்டே குழந்தை வாயைப் பொத்திக்கொண்டு காத்திருக்கும். அதே பதிப்பகம் இருமொழிப் பதிப்பாகக் கொண்டுவந்த, நந்தினி நாயர் எழுதிய ஒரு கதையில், அம்மா கொடுத்த சப்பாத்தி மாவு உருண்டையைச் சின்னப் பையன் விதவிதமான விலங்குகளாக மாற்றிக்கொண்டே போகிறான். சமையல்கட்டில் அம்மாவின் காலடியிலேயே உட்கார்ந்திருக்கிற குழந்தைக்கு இதைவிடத் தெரிந்த உலகம் வேறு இல்லை.

1996-ல் சென்னையில் தொடங்கிய தூலிகாவும், 2004-ல் பெங்களூரில் தொடங்கிய பிரதம் புக்ஸும் வந்த பிறகுதான் தமிழில் படப் புத்தகம் என்ற வகைக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. அதற்கு முன் நேஷனல் புக் டிரஸ்டின் நேரு பால புத்தகாலய வரிசையும், மாஸ்கோவிலிருந்து வந்து நியூ செஞ்சுரி புத்தக நிறுவனம் வழியாகப் பரவிய சோவியத் சிறுவர் நூல்களும் நம் பிள்ளைகளின் கண்ணுக்கு விருந்தாக இருந்தன. மில் தொழிலாளர் சங்கங்கள் வேரூன்றிய கோவையில் அந்த ரஷ்யப் படங்களை நினைவில் வைத்திருக்கும் அறுபது வயதுக்காரர்களை இன்றும் பார்க்கலாம்.

புத்தகத் தமிழும் வீட்டுத் தமிழும்

நம்மிடம் ஒரு தனிச் சிக்கல் உண்டு. புத்தகத்தில் 'ஆட்டுக்குட்டி தன் தாயைத் தேடி அலைந்தது' என்று இருக்கும். குழந்தை பிறந்ததிலிருந்து 'அலைந்தது' என்று யாரும் அதனிடம் பேசியதில்லை. இரண்டு வயதில் அந்த வரி ஏறக்குறைய வேற்றுமொழிதான்.

அம்மிச்சிகளுக்கு, அதாவது அம்மாவைப் பெற்ற பாட்டிகளுக்கு, இது தெரியும். அவர்கள் எழுத்தைப் படிப்பதில்லை, கதையைப் பேசுகிறார்கள். "அங்க பாரு சாமி, குட்டி அவங்கம்மாளக் காணம்னு தேடுது. எங்க போயிருப்பா? கட்டுத்தரைல இருப்பாளா?" என்று அச்சில் இல்லாத கட்டுத்தரையையும் உள்ளே கொண்டுவந்துவிடுகிறார்கள். படித்த அம்மாக்களும் அப்பாக்களும் தயங்குகிறார்கள். அச்சிட்டபடியே படிக்க வேண்டும், 'நல்ல தமிழ்' காதில் விழ வேண்டும் என்று நினைக்கிறார்கள். நான்கு ஐந்து வயதில் அந்த நினைப்பு சரி. ஒன்றரை, இரண்டு வயதில் கொங்குத் தமிழே போதும். அந்த வயதில் அதற்குத்தான் அர்த்தம் உண்டு. வீட்டில் தெலுங்கோ கன்னடமோ மலையாளமோ பேசுகிறவர்கள் கோவையில் ஏராளம். அவர்கள் படத்தைக் காட்டித் தங்கள் வீட்டு மொழியிலேயே கதையைச் சொல்லலாம். கொஞ்சுகிற மொழியும் கோபித்துக்கொள்கிற மொழியும் எதுவோ அதுதான் தூங்கவைக்கும் மொழி. ஆங்கிலம் சீக்கிரம் வரட்டும் என்று தூக்கக் கலக்கத்தில் இருக்கும் பிள்ளையிடம் ஆங்கிலப் புத்தகம் மட்டுமே படிக்கும் வீடுகள் கோவையில் பெருகிவருவது எனக்குக் கவலையாக இருக்கிறது. அந்தப் பத்து நிமிடத்திலும் அம்மா டீச்சராகிவிடுகிறாள்.

படிப்பது ஒருவழிப் பாதையாக இருக்க வேண்டியதும் இல்லை. 1988-ல் அமெரிக்காவில் கிரோவர் வைட்ஹர்ஸ்ட் குழுவினர் 21 முதல் 35 மாதம்வரையான குழந்தைகளின் பெற்றோருக்கு ஒரு சின்னப் பயிற்சி கொடுத்தார்கள். முழுதும் நீங்களே படிக்காதீர்கள், கேளுங்கள், குழந்தை சொல்வதை இன்னும் கொஞ்சம் நீட்டித் திருப்பிச் சொல்லுங்கள் என்பதுதான் பயிற்சி. ஒரே மாதத்தில் அந்தக் குழந்தைகளின் பேச்சுத் திறன் மற்றவர்களைவிட முன்னே போனது. நம் வீட்டில் அது இப்படி இருக்கும்:

"இது யாரு கண்ணு?"

"பப்பி."

"ஆமா, நாய்க்குட்டி. கறுப்பு நாய்க்குட்டி. எங்க போகுது அது?"

"அங்க."

"அங்கயா? அங்க அப்புச்சி தோட்டத்துக்கா போகுது?"

இதில் எழுத்தறிவு எங்கே வருகிறது? வருவதே இல்லை. கையெழுத்துப் போட மட்டுமே தெரிந்த அம்மிச்சியும் அப்பத்தாவும்கூட இதைச் செய்யலாம். கொங்கு நாட்டுக்கு இது மிக முக்கியம். திருப்பூரில் காலை எட்டரைக்கு பனியன் கம்பெனிக்குள் போகும் தாய், ஒன்றரை ஷிப்ட் முடித்து வெளியே வரும்போது இரவு எட்டரை. சோமனூர், பல்லடம் பக்கம் தறிக்குடோனில் அப்பாவுக்கு ஒரு ஷிப்ட், அம்மாவுக்கு ஒரு ஷிப்ட். பகல் முழுக்கக் குழந்தை வளர்வது பாட்டிகளிடம். அந்த வீடுகளுக்கு எழுத்தே இல்லாத, படங்களால் மட்டும் கதை நகர்த்தும் புத்தகங்கள் வரப்பிரசாதம். 'படிக்கத் தெரியாதவளுக்கு எதுக்குப் புத்தகம்' என்று அம்மிச்சி கையிலிருந்து அதை வாங்கி வைத்துவிடாதீர்கள்.

கொறங்காட்டு நாய்க்குட்டியும் பெயர் மறந்த ஈயும்

பொள்ளாச்சியில் வளரும் குழந்தைக்குத் தென்னை தெரியும், கன்றுக்குட்டி தெரியும், காலையில் தோட்டத்தில் இறங்கும் மயில் தெரியும், குக்கர் விசில் தெரியும், டவுன் பஸ்ஸின் ஹாரன் தெரியும். மலிவு விலைப் புத்தகங்களில் அதற்குக் கிடைப்பது பொன்னிற முடிச் சிறுமி, பனிமனிதன், ஆப்பிள் மரம். தூர தேசங்கள் வேண்டாம் என்பதில்லை. எரிக் கார்ல் 1969-ல் வெளியிட்ட பசிக்காரக் கம்பளிப்புழுவை எந்த ஊர்க் குழந்தையும் ரசிக்கும், ஏனென்றால் புழுவும் இலையும் எல்லா ஊரிலும் உண்டு. ஆனால் முதல் நாலைந்து புத்தகங்களில் குழந்தை தன் வாசலைக் கண்டுகொள்ள வேண்டும். படத்தில் பார்த்ததை மறுநாள் நேரில் பார்த்து "மயி! மயி!" என்று கத்துகிறதே, அந்த இடத்தில்தான் புத்தகமும் உலகமும் ஒட்டிக்கொள்கின்றன.

நம் மண்ணில் இதற்கான விதை இல்லாமல் இல்லை. மொடக்குறிச்சி பக்கம் மஞ்சக்காட்டுவலசில் 1908-ல் பிறந்த பெரியசாமித் தூரன், பெரியநாயக்கன்பாளையம் ராமகிருஷ்ண வித்யாலயத்தில் ஆசிரியராக இருந்தவர். வித்யாலயத்தை நிறுவிய தி.சு. அவிநாசிலிங்கம் தொடங்கிய தமிழ் வளர்ச்சிக் கழகத்துக்காகக் கலைக்களஞ்சியத்தைப் பத்துத் தொகுதிகளாகக் கொண்டுவந்தார். பெரியவர்களுக்கு அறிவுக் களஞ்சியம் செய்து முடித்த கையோடு, 1968 முதல் 1976 வரை குழந்தைகள் கலைக்களஞ்சியத்தையும் பத்துத் தொகுதிகளாகத் தந்தார். கொங்கு நாட்டு வாய்மொழிப் பாடல்களைத் தேடித் திரட்டினார். 'குழந்தை உள்ளம்' என்று உளவியல் நூல் எழுதினார். 'மஞ்சள் முட்டை', 'சூரப்புலி', 'மாயக்கள்ளன்', 'கொல்லிமலைக் குள்ளன்' என்று சிறுவர் கதைகள் எழுதினார். நாட்டார் பாடல், குழந்தை மனம், கதை ஆகிய மூன்றையும் ஒரே ஆள் கையில் வைத்திருந்த ஊர் இது. அவரது கதைகள் பள்ளி வயதுக்கானவை. உங்கள் பிள்ளை வளர்ந்து வரும்வரை அலமாரியில் காத்திருக்கட்டும். ஆனால் அவர் நடந்த வழியில் சின்னஞ்சிறு குழந்தைகளுக்காக யாரும் தொடர்ந்து நடக்கவில்லை என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

தன் பெயரை மறந்துபோன ஈயின் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாடு முழுக்கப் பாட்டிகள் பாட்டாகவே சொல்லிவந்த கதை. ஈ கன்றுக்குட்டியிடம் போய்த் தன் பெயரைக் கேட்கிறது. அது தாய்ப்பசுவைக் கைகாட்டுகிறது, பசு இடையனை, இடையன் கைக்கோலை, கோல் மரத்தை, மரம் கொக்கை, கொக்கு குளத்தை. இப்படிக் குளத்து மீனும் மீனவனும் சட்டியும் குயவனும் மண்ணும் புல்லும் வந்து, கடைசியில் புல் தின்னும் குதிரை கனைக்கும்போது அந்தக் கனைப்பிலேயே ஈக்குத் தன் பெயர் கிடைத்துவிடுகிறது. ஒவ்வொரு படியிலும் முந்தைய பெயர்கள் எல்லாம் மறுபடி வரும். இரண்டு வயதுக் குழந்தைக்கு இதைவிடப் பொருத்தமான கட்டமைப்பை எந்த நாட்டு நிபுணரும் செய்துவிட முடியாது. திரும்ப வருதல், நினைவு, ஓசை, தினமும் பார்க்கிற பொருள்கள், கடைசியில் குழந்தையே சேர்ந்து கனைக்க ஓர் இடம். நீதி கிடையாது. பக்கத்துக்கு ஒரு பாத்திரம் என்று கனத்த அட்டையில், நல்ல ஓவியரைக் கொண்டு, கையடக்கமாக இது வீடுதோறும் இருக்க வேண்டும்.

கொங்கு நாட்டின் பெருங்கதை அண்ணமார் கதை. கனடாவின் மானுடவியலாளர் பிரெண்டா பெக் 1965-ல் காங்கேயம் அருகே ஓலப்பாளையத்தில் தங்கி, உடுக்கை அடித்துப் பாடப்பட்ட இந்தக் கதையை இரவிரவாக ஒலிப்பதிவு செய்தார். பின்னாளில் படக்கதையாகவும் அசைவுப் படத் தொடராகவும் அதைக் கொண்டுவந்தார். அண்ணன் தம்பிகளான பொன்னரும் சங்கரும் மாண்டுபோகிற அந்தக் கதையைத் தூங்கப்போகிற குழந்தையிடம் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. ஆனால் அதற்குள் பொன்னாச்சி என்று ஒரு குட்டி நாய் இருக்கிறது. கொம்பன் என்ற பெரிய காட்டுப்பன்றியை மடக்க உதவுவது அந்தச் சின்ன நாய்தான். வேட்டையையும் ரத்தத்தையும் விட்டுவிட்டு, கிளுவை வேலி போட்ட மேய்ச்சல் நிலமான கொறங்காட்டில் ஓடித் திரியும் பொன்னாச்சியை மட்டும் எடுத்து ஒரு புத்தகம் செய்தால் எப்படி இருக்கும்! பொழுதோட ஆடு மாடெல்லாம் பட்டிக்கு வந்துவிட்டனவா என்று ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்துவிட்டு, கடைசியில் பொன்னாச்சியும் சுருண்டு படுத்துக்கொள்கிறது. இரவுக் கதைக்கு அதற்கு மேல் சம்பவம் தேவையில்லை.

மார்கரெட் வைஸ் பிரவுன் 1947-ல் எழுதிய 'குட்நைட் மூன்' உலகெங்கும் இன்னும் விற்றுக்கொண்டிருப்பதும் இதனால்தான். அறையில் இருக்கிற ஒவ்வொரு பொருளுக்கும் முயல்குட்டி விடைகொடுக்கிறது. வேறொன்றும் நடப்பதில்லை. பக்கம் புரளப் புரள அறையின் வெளிச்சம் குறைந்துகொண்டே வருகிறது. பிரதம் புக்ஸில் பிரீதி நம்பியார் எழுதிய டிங்கு என்ற நாய்க்குட்டியின் கதையும் இந்த வழிதான். தூக்கம் வராத குட்டி இரவில் வெளியே போய், ராத்திரியில் விழித்திருக்கிற உயிரினங்களைச் சந்தித்துவிட்டு வருகிறது. இருட்டைக் கண்டு பயப்படும் குழந்தைக்கு இருட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று காட்டிக்கொடுப்பது நல்ல மருந்து.

பயமுறுத்தல் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். "தூங்காட்டிப் பூச்சாண்டி வந்து புடிச்சுக்கும்" என்பது நம் வீடுகளில் சாதாரணமாக வந்துவிடுகிற வார்த்தை. பேய், பூதம், குழந்தையைத் தூக்கிப்போகும் ராட்சசன் வருகிற புத்தகங்கள் இந்த வயதில் இரவுக்கு வேண்டவே வேண்டாம். துரத்தல், குதித்தல், சத்தம் உள்ள கலகலப்பான புத்தகங்களையும் பகலுக்கு ஒதுக்குங்கள். தும்மல் யானைகூட என் கணக்கில் சாயங்காலப் புத்தகம்தான்.

பத்து நிமிடம் போதும்

உலக சுகாதார நிறுவனம் 2019-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், ஒன்று முதல் இரண்டு வயதுவரையான குழந்தைக்குப் பகல் தூக்கமும் சேர்த்து நாளுக்கு 11 முதல் 14 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்கிறது. ஒரு வயதுக் குழந்தைக்குத் திரையே வேண்டாம், இரண்டு வயதில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்கிறது. உட்கார்ந்திருக்கும் நேரத்தில் பெரியவர்கள் கதை சொல்வதையும் படிப்பதையும் ஊக்குவிக்கிறது. 2009-ல் ஜோடி மிண்டெல் குழுவினர் 405 தாய்மார்களையும் அவர்களின் சின்னக் குழந்தைகளையும் வைத்துச் செய்த ஆய்வில், குளியல், உடம்பு நீவிவிடுதல், அமைதியான ஏதோ ஒரு செயல் என்று தினமும் ஒரே வரிசையில் படுக்கைக்குப் போன குழந்தைகள் சீக்கிரம் தூங்கினார்கள், நடுவில் விழிப்பதும் குறைந்தது. நம்மூரில் எண்ணெய் தேய்த்துக் கால்மேல் போட்டுக் குளிப்பாட்டித் தூளியில் போடும் வழக்கத்துக்கு இதெல்லாம் புதிதல்ல. அந்த வரிசையில் புத்தகம் ஒன்றைச் சேர்க்க வேண்டும், அவ்வளவுதான். ஒன்றரை ஷிப்ட் முடித்து வந்த அம்மாவுக்கு ஒரு மணி நேரம் படி என்று சொல்ல எனக்கு மனம் வராது. பத்து நிமிடம், ஒரே புத்தகம், முடிந்தால் தினமும் அதே நேரம்.

வாங்கும் இடங்களைப் பொறுத்தவரை, ராஜ வீதி விஜயா பதிப்பகம் போன்ற பழைய கடைகளில் சிறுவர் பகுதியைக் காட்டச் சொல்லிப் பொறுமையாகத் தேடுங்கள். உக்கடம் பழைய புத்தகக் கடைகளில் கைமாறி வந்த கனத்த அட்டைப் புத்தகங்கள் குறைந்த விலைக்குக் கிடைக்கும், வாங்கியதும் ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். ஆங்கிலத்தில் இருந்தால் என்ன, படம் நன்றாக இருந்தால் தமிழ்க் கதையை நீங்கள் சொல்லிக்கொள்ளலாம். பிரதம் புக்ஸ் 2015-ல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையதளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசம். அச்செடுத்து வைத்துக்கொண்டால் படுக்கையில் செல்போன் வெளிச்சம் இல்லாமல் தப்பிக்கலாம். ஒடியா, வங்காளம், இந்தி எல்லாம் அங்கே இருப்பதால், திருப்பூரில் வேலைக்கு வந்து குடியிருக்கும் வடக்கத்திக் குடும்பங்களின் பிள்ளைகளுக்கும் உதவும்.

வீட்டிலேயே செய்வது இன்னும் நல்லது. கொங்கு நாட்டுக் கல்யாணப் பத்திரிகைகளின் அட்டை தடிமனுக்குப் பேர்போனது. ஆறேழு அட்டைகளை ஒரே அளவில் வெட்டி, மூலைகளை வளைத்து, அம்மிச்சி, அப்புச்சி, அப்பாரு, வீட்டு வெள்ளாடு, வாசல் வேம்பு, அப்பாவின் வண்டி என்று போட்டோக்களை ஒட்டி, மேலே அகல டேப் போட்டு, துளையிட்டு நாடாவால் கட்டிவிட்டால் கடையில் கிடைக்காத புத்தகம் தயார். பனியன் கம்பெனிக் கட்டிங் வேஸ்ட் துணியில் வண்ண உருவங்களை வெட்டித் தைத்தால் துவைத்துக்கொள்ளக்கூடிய துணிப் புத்தகம் ஆகிவிடும். ஒவ்வொரு பக்கத்திலும் தெரிந்த முகம் வருவதால் சொல்லவும் கேட்கவும் கதை தானாக ஊறும்.

வீட்டுக்கு வெளியே செய்ய வேண்டியதும் உண்டு. மகப்பேறு நலச் சட்டத்துக்கு 2017-ல் வந்த திருத்தம், 50 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனங்களில் குழந்தைகள் காப்பகம் இருந்தாக வேண்டும் என்று விதித்தது. திருப்பூரிலும் கோவையிலும் அப்படிப்பட்ட ஆலைகள் எத்தனையோ. அந்தக் காப்பகங்களில் தொட்டிலோடு இருபது படப் புத்தகங்கள் கொண்ட ஒரு தாழ்வான தட்டும் இருக்கட்டும். மாலையில் தாய் குழந்தையைத் தூக்கிப்போகும்போது ஒரு புத்தகத்தையும் எடுத்துப்போய் மறுநாள் கொண்டுவரட்டும். தமிழ்நாட்டின் 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்களில் 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' பாடத்திட்டம் நடக்கிறது. பாட்டும் விளையாட்டும் அங்கே இருக்கின்றன. வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் புத்தகம் மட்டும் சேர்ந்தால் போதும். காந்திபுரத்தில் பெரியார் நூலகத்துக்கு 2024 நவம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டபோது கோவையே மகிழ்ந்தது. ஆனால் நூலகத்தில் குழந்தைகள் பகுதி என்றால் பள்ளிப் பிள்ளைகளுக்கான மேசை நாற்காலிதான் நம் நினைவுக்கு வருகிறது. பாய் விரித்த தரை, எட்டும் உயரத்தில் அலமாரி, கிழிந்தால் அபராதம் கேட்காத ஒரு நூலகர் என்று மூன்று வயதுக்கு உட்பட்டவர்களுக்கும் அங்கே ஒரு மூலை ஒதுக்க வேண்டும். கவுலி பிரவுன் சாலை மாவட்ட மைய நூலகத்திலும் இதைச் செய்யலாம், புதுக் கட்டடம் தேவையில்லை.

கடைசியாகக் கொங்கு மண்டலத்தின் எழுத்தாளர்களிடமும் ஓவியர்களிடமும் ஒரு விண்ணப்பம். கோவையிலிருந்து 'குட்டி ஆகாயம்' சிறார் இதழ் வந்தது. சிங்காரப்பேட்டை குக்கூ காட்டுப்பள்ளி நண்பர்களின் 'தும்பி' ஓவியத்துக்கு எவ்வளவு இடம் கொடுக்கலாம் என்று காட்டியது. ஆசையும் கையும் இங்கே இருக்கின்றன. அடுத்த புத்தகத் திருவிழாவுக்குள் பன்னிரண்டு பக்கம், பக்கத்துக்கு எட்டுச் சொல்லுக்கு மேல் இல்லாமல், வீட்டுப் பேச்சிலேயே ஒரு புத்தகம் செய்யுங்கள். பெயர் மறந்த ஈ ஒன்று, பொன்னாச்சி ஒன்று. அச்சுக்குக் கொடுக்கும் முன் இரண்டு வயதுக் குழந்தை உள்ள நாலு வீடுகளில் மாதிரியைக் கொடுத்துப் பாருங்கள். எந்தப் பக்கத்தில் குழந்தை மறுபடி கையை வைக்கிறது என்று குறித்துக்கொண்டு, மற்ற பக்கங்களைத் திருத்துங்கள்.